இஸ்தோப்பு வெளிச்சத்தில் அடிநிறம் பார்த்தல்: பதினாறு துண்டுத் துணி, ஒரு சாம்பல் துணி

புடவைக் கடையில் துணியை விரித்த உடனேயே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "கருப்புக்கு இந்தக் கலர் எடுபடாது." இலங்கை மலைநாட்டில் ஹட்டனிலும் இதே பேச்சு, பதுளையிலும் இதே பேச்சு. இந்தப் பேச்சு பிழை. கருப்பு, மாநிறம், புதுநிறம், சிவப்பு என்று நாம் சொல்வதெல்லாம் தோல் எவ்வளவு அடர்ந்தது என்பதை மட்டும்தான் சொல்கிறது. ஒரு கலர் முகத்தைத் தூக்கிக் காட்டுமா, அமுக்கிவிடுமா என்பது அந்த அடர்த்திக்குள் இருக்கும் சாய்வையும் சார்ந்தது. மஞ்சள் பக்கம் சாய்ந்த கருப்பும் உண்டு, நீலம் பக்கம் சாய்ந்த கருப்பும் உண்டு. சிவந்த தோலிலும் இதே இரண்டும் உண்டு. அழகு நிலையத்தில் இதை அண்டர்டோன் என்பார்கள். இங்கே அடிநிறம் என்று வைத்துக்கொள்வோம்.

தோலில் நிறம் தருவது முக்கியமாக மூன்று. மெலனின் முதலாவது. அதிலும் கருப்பு-பழுப்பு தருவது ஒரு வகை, சிவப்பு-மஞ்சள் தருவது இன்னொரு வகை. இரண்டாவது இரத்தத்தின் ஹீமோகுளோபின். மூன்றாவது சாப்பாட்டில் வந்து சேரும் கரோட்டின். இவை கலக்கும் விகிதத்தில்தான் சாய்வு பிறக்கிறது. வெயிலில் கறுத்தால் அடர்த்தி கூடும். சாய்வு பெரும்பாலும் அப்படியே நிற்கும். மஞ்சள் சாய்வு, நீலச் சாய்வு, இரண்டுக்கும் நடு, பச்சை கலந்த ஆலிவ் என்று நான்காகப் பிரித்தால் உடுப்பு எடுக்கப் போதும். வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று மனிதரைப் பிரிக்கும் முறை நமக்கு உதவாது. கறுத்த முடியும் கறுத்த கண்ணும் உள்ள பெரும்பாலானவரை அது குளிர்காலக் கூடைக்குள் போட்டுவிடும்.

மணிக்கட்டு நரம்பு பார்க்கும் சோதனையை முதலிலேயே தள்ளிவிடலாம். நரம்பு பச்சையாகத் தெரிந்தால் மஞ்சள் சாய்வு, நீலமாகத் தெரிந்தால் நீலச் சாய்வு என்பார்கள். அந்த நரம்பில் ஓடுவது கருஞ்சிவப்பு இரத்தம். தோலுக்குள் ஒளி சிதறி வெளியே வரும் விதத்தில்தான் நீலமாகத் தெரிகிறது. பழுப்புத் தோல் வழியாகப் பார்த்தால் அந்த நீலம் பச்சையாக மாறுகிறது. அதனால் மாநிறத்தில் பெரும்பாலானவருக்கு ஒரே விடைதான் வரும். நல்ல கறுத்த தோலில் நரம்பே தெரியாது. குளிரில் நரம்பு சுருங்கினால் அதுவும் இல்லை. கழுத்தை ஒட்டிக் கலர் துணிகளை மாற்றி மாற்றிப் போட்டு முகத்தைப் பார்க்கும் துணிச் சோதனைதான் நம்பத்தக்கது.

அதற்கு எட்டுச் சோடித் துணித் துண்டு வேண்டும். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று மஞ்சள் பக்கம் சாய்ந்தது, மற்றது நீலம் பக்கம் சாய்ந்தது. மிளகாய்ச் சிவப்புக்கு மாதுளைச் சிவப்பு. பீச் கலருக்கு ரோஸ். கிளிப்பச்சைக்கு மரகதப்பச்சை. மயில்நீலத்துக்கு ராயல் நீலம். மாம்பழ மஞ்சளுக்கு எலுமிச்சை மஞ்சள். செங்கல் கலருக்கு மெரூன். காப்பிக்கொட்டைக் கலருக்குக் கருநீலம். எட்டாவது சோடி வெள்ளை, அதை வாங்கவே தேவையில்லை. நீலம் போட்டு அலசிய பள்ளிச் சீருடை நீலவெள்ளை. வெளுக்காத காடாத் துணியோ பழைய சந்தன நிற வேட்டியோ மஞ்சள்வெள்ளை. எட்டுச் சோடியிலும் அதிகம் சொல்லித் தரும் சோடி இதுதான்.

வாங்க வேண்டியது 14 கலர். ஜாக்கெட்டுக்கு உள்ளே வைக்கும் பருத்தி லைனிங் துணியே போதும். கலரும் நிறைய, விலையும் குறைவு, பளபளப்பும் இல்லை. ஒவ்வொன்றிலும் அரை மீற்றர், மொத்தம் 7 மீற்றர். 36 அங்குல அகலத் துணியை நடுவே வெட்டினால் ஏறக்குறைய 45க்கு 50 சென்ரிமீற்றரில் இரண்டு துண்டு கிடைக்கும், அதாவது இரண்டு செட். ஒன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். தையல்காரரிடம் வெட்டுத் துண்டு கேட்டாலும் சரி, தோளிலிருந்து தோள்வரை மூடும் அகலம் மட்டும் இருக்க வேண்டும். சாட்டின், பட்டு, சரிகை கலந்தது எதுவும் வேண்டாம். பளபளப்பு தாடையில் வெள்ளைத் திட்டாக விழுந்து நிறத்தை மறைக்கும்.

பலர் தவறவிடும் இடம் இது: சோடியின் இரண்டு துண்டும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். மிளகாய்ச் சிவப்பு வெளிர், மாதுளைச் சிவப்பு கடும் என்றால், எது எடுபடுகிறது என்று நாம் சொல்வது அடர்த்தியைப் பற்றித்தான், சாய்வைப் பற்றி அல்ல. சரிபார்க்க ஃபோன் போதும். இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படமாக எடுத்து, கருப்பு-வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் சோடி சரி. ஒன்று கறுத்தும் மற்றது வெளிறியும் தெரிந்தால் கடைக்குத் திரும்பிப் போய் வேறு எடுக்க வேண்டும். சரியாகவே வராத சோடி மஞ்சள்தான். மாம்பழ மஞ்சள் எப்போதும் எலுமிச்சையைவிடக் கொஞ்சம் கடுமையாக நிற்கும். அதனால் அந்தச் சோடியின் தீர்ப்பைப் பாதியாகத்தான் எடுக்க வேண்டும்.

இன்னும் ஒரு துணி வேண்டும், நடுச் சாம்பல். சாம்பல் என்று கடையில் தருவதில் பல நீலம் கலந்தவை. HB பென்சிலால் ஒரு கடதாசியில் அழுத்தித் தேய்த்து, துணியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பென்சில் கரிக்குப் பக்கத்தில் துணி நீலமாகவோ பழுப்பாகவோ தெரிந்தால் அது சாம்பல் அல்ல.

இனி இடம். லயத்துக் காம்பராவுக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறைக்குள், ஜன்னல் சிறிது, வெளிச்சம் பத்தாது. பல்பைப் போட்டால் சோதனையே கெட்டது. மஞ்சள் பல்ப் 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு) அளவில் எல்லார் முகத்தையும் மஞ்சளாக்கும். இஸ்தோப்புதான், அதாவது வீட்டு முன் விறாந்தைதான், சரியான இடம். வாசலைப் பார்த்து, விளிம்பிலிருந்து 1 மீற்றர் உள்ளே கதிரையைப் போட்டு உட்கார வேண்டும், முகத்தில் வானத்து வெளிச்சம் மட்டும் விழும்படி. மேகம் மூடிய வானமும் மூடுபனியும் இதற்குக் கிடைத்த வரம். ஒளி எல்லாப் பக்கமும் சமமாகப் பரவி, முகத்தில் நிழல் விழாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் ஹட்டன், நோர்வூட், கினிகத்தேனைப் பக்கம் இப்படிப்பட்ட நாட்கள்தான் அதிகம். அதே மாதங்களில் ஊவாப் பக்கம், பண்டாரவளையில், பதுளையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். அங்கே நேர் வெயில் படாத நிழலில், காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் செய்யலாம். நீல வானத்தின் நிழல் கொஞ்சம் நீலம் கலந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மலையில் இந்தச் சோதனையை ஏமாற்றுவது தேயிலை. லயத்துக்கு நேர் எதிரே மலை ஏறினால், கொழுந்துப் பச்சையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் இஸ்தோப்புக்குள் வந்து கன்னத்தில் பச்சை பூசிவிடும். பார்ப்பவர் ஆலிவ் என்று எழுதிவிடுவார். உண்மையில் அது பச்சை மலையிலிருந்து திரும்பி வந்த வெளிச்சம். உட்காரும் இடத்தில் சீருடைத் துணியை முகத்தின் உயரத்துக்குப் பிடித்துப் பாருங்கள். மேல் மடிப்பு வெள்ளையாகவும் கீழ் மடிப்பு லேசான பச்சையாகவும் தெரிந்தால், முன்னால் இடுப்பு உயரத்துக்குக் கொடி கட்டி ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட வேண்டும். கீழே உள்ள தேயிலை மறையும், வானம் மறையாது. சிவப்புச் சீமெந்துத் தரை தாடைக்கு அடியில் சிவப்பை ஏற்றும். வெள்ளை உரச் சாக்கை நன்றாகக் கழுவி, உள்பக்கம் மேலே வரும்படி விரித்தால் அது தீரும். நீலம், பச்சை பூசிய சுவரிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி இருங்கள்.

முகமும் தயாராக வேண்டும். மஞ்சள் பூசுபவர் மூன்று நாள் நிறுத்த வேண்டும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் மஞ்சள் உடனே முழுதாகப் போகாது. பவுடர், ஃபெயார்னெஸ் கிறீம், லிப்ஸ்டிக், பொட்டு எதுவும் வேண்டாம். முகத்தை வெள்ளையாக்குவதாக விற்கும் கிறீம்களில் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது உலகம் முழுதும் பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. சோதனைக்கு என்று மட்டுமல்ல, எப்போதுமே அவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது. முடியில் மருதாணியோ சாயமோ இருந்தால் சாம்பல் துணியால் கட்டிவிடுங்கள். முன்நெற்றியில் செம்பட்டை தெரிந்தால் முகமே மஞ்சள் சாய்வாகத் தோன்றும்.

குளிர் செய்யும் பிழை இன்னொன்று. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காலைக் காற்றில் தோல் வறண்டு மேலே மெல்லிய செதில் எழும்பும். அந்தச் செதில் ஒளியைச் சிதறடித்துக் கறுத்த தோலைச் சாம்பல் பூத்த மாதிரிக் காட்டும். பார்ப்பவர் நீலச் சாய்வு என்று முடிவு கட்டிவிடுவார். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, 20 நிமிடம் விட்டு, பழைய துணியால் மினுமினுப்புப் போகும்வரை ஒற்றி எடுங்கள். சாம்பல் போன பிறகு தெரிவதுதான் நிறம். மலை ஏறி வந்தவுடன் பார்த்தால் முகம் சிவந்திருக்கும், குளிரில் நின்று வந்தால் வெளிறியிருக்கும். இருவருக்கும் அரைமணி நேரம் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, முகச்சூடு அடங்கிய பின் தொடங்குங்கள்.

உள்ளங்கையைப் பார்த்து முடிவு எடுக்க வேண்டாம். கொழுந்து எடுக்கும் விரல்களில் கறை ஏறி இருக்கும். கரட், பூசணி, பப்பாளி நிறையச் சாப்பிடுபவரின் உள்ளங்கையில் கரோட்டின் மஞ்சள் ஏறி இருக்கும். நெற்றியும் கன்ன மேடும் வெயிலில் கறுத்தவை. நம்ப வேண்டிய இடங்கள் தாடைக்குக் கீழே கழுத்து, காதுக்குப் பின்னால், மேற்கையின் உட்பக்கம். கண்ணின் வெள்ளையே மஞ்சளாக இருந்தால் துணியைத் தூக்கி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அது அடிநிறம் அல்ல.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் துணி போட்டுவிட்டு ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று பார்ப்பார். முதலில் சாம்பல் துணியைக் கழுத்தை ஒட்டிப் போட்டு 30 விநாடி பார்த்திருங்கள். கண் பழகட்டும். பிறகு மிளகாய்ச் சிவப்பு.

"அக்கா, கண்ண மூடிக்கங்க. நான் போட்டுட்டு சொல்றேன்." பார்ப்பவரும் கண்ணை மூடித் திறக்க வேண்டும். திறந்த முதல் இரண்டு விநாடியில் கண் எங்கே போகிறது? "மொதல்ல துணிதான் தெரியுது" என்றால் ஒரு குறிப்பு. அடுத்து நான்கு இடம் பாருங்கள். கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையம் கூடியதா, குறைந்ததா? மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் கோடு ஆழமாகத் தெரிகிறதா? தாடையின் விளிம்பு தெளிவாக நிற்கிறதா, கழுத்தோடு கலந்துவிடுகிறதா? உதடு உயிரோடு இருக்கிறதா, பழுத்த இலை மாதிரி ஆகிவிட்டதா? இப்போது அதைக் கழற்றி, சாம்பலுக்குத் திரும்பி, பிறகு மாதுளைச் சிவப்பு. அதே நான்கு இடம். நீலச் சாய்வுள்ள கறுத்த முகத்தில் மிளகாய்ச் சிவப்பு போட்டால் கண்ணடி பழுப்பாகத் தாழ்ந்து, மூக்கோரக் கோடு கறுக்கும். மாதுளைச் சிவப்பு வந்தவுடன் அந்தக் கோடு கரைந்து, கண்ணின் வெள்ளை பளிச்சிடும். தோல் அதே தோல்தான், அடர்த்தி ஒரு துளிகூட மாறவில்லை. ஒரு முறை இதை நேரில் பார்த்தவருக்கு "கருப்புக்கு எடுபடாது" என்ற பேச்சு வாயில் வராது.

இதற்குப் பின்னால் இரண்டு காரணம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வேலை செய்கின்றன. துணியில் பட்ட ஒளி தாடைக்கு அடியில் திரும்பித் தன் கலரையே அங்கே பூசும். கண்ணோ, துணியின் கலருக்கு எதிர்க்கலரைக் கன்னத்தில் காணும். பச்சைத் துணி போட்டால் தாடையடி லேசாகப் பச்சையாகவும் கன்னம் கொஞ்சம் சிவப்பாகவும் தெரிவது இதனால்தான். பாரிஸில் கோபிலான் திரைச்சீலை நெசவுச்சாலையின் சாயப் பொறுப்பை ஏற்றிருந்த ஷெவ்ருல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் நீலத்துக்குப் பக்கத்தில் சோர்ந்து தெரிகிறது என்று முறைப்பாடு வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்துக் கலர்தான் கண்ணை மாற்றுகிறது என்று அவர் கண்டு 1839இல் எழுதி வெளியிட்டார். நம் ஜாக்கெட் கழுத்தில் நடப்பதும் அதேதான். அதனால் தாடையடியை மட்டும் பார்த்தோ கன்னத்தை மட்டும் பார்த்தோ முடிவு எடுக்கக் கூடாது.

எட்டுச் சோடியையும் இப்படியே ஓட்டுங்கள். நாலு சோடிக்கு மேல் ஒரே மூச்சில் பார்த்தால் கண் களைத்து எல்லாம் நன்றாகவே தெரியும். ஐந்து நிமிடம் தூரத்து மலையைப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஆறு சோடியோ அதற்கு மேலோ ஒரு பக்கம் விழுந்தால் அந்தச் சாய்வு. நாலுக்கு நாலு, ஐந்துக்கு மூன்று என்றால் நடு. அல்லது சோடிகளின் அடர்த்தி சரியாகப் பொருந்தவில்லை, கருப்பு-வெள்ளைப் படத்தை மறுபடி பாருங்கள். பீச் போட்டால் அழுக்கு ஆரஞ்சாகவும் ரோஸ் போட்டால் சுண்ணாம்பு பூசிய மாதிரியும் முகம் தெரிந்து, சாம்பல் துணிக்குப் பக்கத்தில் கழுத்து லேசாகப் பச்சை காட்டினால் ஆலிவ். இராணுவப் பச்சையில் ஒரு துண்டு போட்டுப் பார்த்தால் உறுதியாகும். மற்றவரை நோயாளி ஆக்கும் அந்தக் கலர், ஆலிவ் தோலைச் சுத்தமாகக் காட்டும். சிவப்புக்கும் வெள்ளைக்கும் இரட்டை மதிப்புக் கொடுக்கலாம் என்பது எங்கள் கணிப்பு. வேறொரு நாள் இன்னொருவர் பார்த்து அதே விடை சொன்னால்தான் எழுதி வையுங்கள்.

தங்கம்-வெள்ளிச் சோதனை பற்றிக் கேட்பார்கள். கழுத்தில் தங்கச் சங்கிலியையும் பிறகு வெள்ளிக் கொலுசையும் பிடித்துப் பார்ப்பது. நம் கண் சின்ன வயதிலிருந்தே தங்கத்துக்குப் பழகியது, வெள்ளியைக் காலில் மட்டும் பார்த்துப் பழகியது. அதனால் தங்கமே வெல்லும். துணை ஆதாரமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோனில் படம் எடுத்து ஒப்பிடுபவர்கள் பியூட்டி ஃபில்டரை அணைத்துவிடுங்கள். கறுத்த துணி வந்தால் கமரா தானே வெளிச்சத்தைக் கூட்டி முகத்தை வெளுப்பாக்கும், வெள்ளைத் துணி வந்தால் முகத்தைக் கறுப்பாக்கும். முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டிவிட வேண்டும். ப்ரோ வசதி இருந்தால் வெள்ளைச் சமநிலையை 5500 கெல்வினில் நிறுத்துங்கள். அப்படிச் செய்தாலும் படம் நினைவுக்குத்தான், தீர்ப்புக்குக் கண்ணே.

விடை கிடைத்தபின் கடை. மஞ்சள் சாய்வுக்குக் கடுகு, செங்கல், மிளகாய்ச் சிவப்பு, மயில்நீலம், காப்பி, வெள்ளைக்குப் பதில் சந்தனம், பொன் சரிகை. நீலச் சாய்வுக்கு ராயல் நீலம், மரகதம், மாதுளை, மெஜந்தா, நீலவெள்ளை, வெள்ளிச் சரிகை. ஆலிவுக்கு மெரூன், மயில்நீலம், நாவற்பழக் கலர். நடுவில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது, மிகவும் கூர்மையான கலர்களை மட்டும் தவிர்க்கலாம். கறுத்த தோலுக்கு அடர்ந்து நிறைந்த கலர்கள் மிகவும் அழகாக நிற்கும். சாம்பல் கலந்த வெளிர் கலர்தான் முகத்தைச் சோர்வாக்கும். அடர்த்தி என்பது இங்கேதான் கணக்கில் வருகிறது.

முகத்துக்குப் பக்கத்தில் வருவது மட்டும்தான் கணக்கு. ஆசைப்பட்டு எடுத்த சேலை மிளகாய்ச் சிவப்பு, அடிநிறமோ நீலச் சாய்வு என்றால் சேலையை ஒதுக்க வேண்டாம். ஜாக்கெட்டை மெரூனில் தைத்து, கழுத்தை ஒட்டி அந்தக் கலர் வரும்படி செய்தால் தீர்ந்தது. கூறைச் சேலையில் சிவப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அரக்கா, குங்குமமா, மாதுளையா என்று இரண்டு பக்கத்துக் குடும்பமும் வாசலில் வைத்துப் பார்த்தால் நல்லது. மலைநாட்டில் சேலையைவிட முக்கியம் ஸ்வெட்டர். தாடையைத் தொட்டுக்கொண்டு நாள் முழுதும் இருப்பது அதுதான். ஆண்களுக்குச் சட்டைக் கொலரும் அப்படியே. நுவரெலியாவில் குவித்து விற்கும் இடத்தில் ஸ்வெட்டர் எடுக்கும்போது கழுத்துப் பட்டியின் கலரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடை விளக்கை நம்பாதீர்கள். விளக்கில் ஒரே கலராகத் தெரியும் சேலையும் ஜாக்கெட் துணியும் வெளியே வந்தால் வேறு வேறாக நிற்கும். சாயத்தின் கலவை வேறாக இருந்தால் வெளிச்சம் மாறும்போது கலரும் பிரிந்துவிடும். "அண்ணே, வாசலுக்குக் கொண்டுபோய் ஒருக்கா பாத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பையில் உங்கள் விடைத் துண்டுகளில் மூன்றை எடுத்துப் போங்கள், சிவப்பு, நீலம், வெள்ளை. புதுத் துணியை அவற்றின் பக்கத்தில் வைத்தால் எந்தப் பக்கம் சேர்ந்தது என்று உடனே தெரியும்.

துண்டுகளைக் கழுவினால் நிழலில் காயப் போடுங்கள், மடித்துத் தகரப் பெட்டியில் வையுங்கள். வெயிலில் சில கலர்கள் மற்றவற்றைவிட முதலில் வெளிறும். ஒன்று வெளிறினால் சோடியின் அடர்த்தி உடைந்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை கருப்பு-வெள்ளைப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்து, சாம்பல் பிரிந்து தெரியும் சோடியை மாற்றிவிடுங்கள். சீருடைத் துண்டுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் நீலம் போட வேண்டும், போடாமல் இரண்டு அலசு போனால் அது காடாப் பக்கம் நகர்ந்துவிடும்.